ஒரு பத்திக் கடிதமும் இரண்டு இரவுத் தொடரும்

1621ஆம் ஆண்டு அறுவடை முடிந்த வேளையில், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையில் இருந்த பிளிமத் குடியிருப்பில் ஒரு விருந்து நடந்தது. வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட் ஏறத்தாழ 90 ஆட்களோடு வந்து மூன்று நாள் தங்கினார். அவருடைய ஆட்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் நால்வர் பறவை வேட்டைக்குப் போய் நிறையச் சுட்டு வந்தார்கள். இதையெல்லாம் நமக்குச் சொல்வது எட்வர்டு வின்ஸ்லோ என்ற குடியேறி இங்கிலாந்தில் இருந்த நண்பருக்கு எழுதிய ஒரு கடிதம். அதிலும் விருந்துக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு பத்தி.

அந்தப் பத்தியில் இல்லாதவற்றைக் கேட்டுப் பாருங்கள். 90 பேர் அழைக்கப்பட்டு வந்தார்களா, துப்பாக்கிச் சத்தம் கேட்டு என்னவோ ஏதோ என்று பார்க்க வந்தார்களா? யார் சமைத்தார்கள்? முந்தைய குளிர்காலத்தில் குடியேறிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் மாண்டுபோயிருந்தார்கள். மணமான பெண்களில் எஞ்சியிருந்தவர்கள் நால்வர்தான். யார் யாரோடு எந்த மொழியில் பேசினார்கள்? ஒருவரை ஒருவர் நம்பினார்களா? வின்ஸ்லோ எதையும் சொல்லவில்லை. அதை முதல் நன்றியறிதல் விழா என்றுகூட அவர் சொல்லவில்லை. 220 ஆண்டு கழித்து, 1841இல், அலெக்சாண்டர் யங் என்ற பாதிரியார் அந்தக் கடிதத்தைப் பதிப்பிக்கும்போது அடிக்குறிப்பில் வைத்த பெயர் அது. அந்த அடிக்குறிப்பிலிருந்து பள்ளி நாடகங்களும் ஓவியங்களும் வாழ்த்து அட்டைகளும் பிறந்தன. பிறகு தொலைக்காட்சி வந்தது.

தொலைக்காட்சிக்கு எழுதுகிறவருக்கு ஒரு பத்தி போதாது. அவருக்கு முகம் வேண்டும், குரல் வேண்டும், சண்டை வேண்டும், விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு திடுக்கிடல் வேண்டும். ஆகவே இட்டுக்கட்டியாக வேண்டும். அதில் குற்றமில்லை. அமெரிக்கக் குடியேற்றத்தின் தொடக்க காலத்தை நாடகமாக்குகிற எவரும், ஏடுகள் பேசாமல் விட்ட இடத்தில்தான் வேலை செய்கிறார். அந்த மௌனம் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. ஆங்கிலேய ஆண்கள் கடிதம் எழுதினார்கள், கணக்கு எழுதினார்கள், தங்களை நியாயப்படுத்திப் புத்தகம் எழுதினார்கள். அவர்களுடைய மனைவியர் எழுதியது மிகக் குறைவு. வாம்பனோவாக் மக்களும் வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் மக்களும் அங்கோலாவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களும் பிறர் எழுதிய ஏட்டில் ஒரு வரியாகவோ ஓர் எண்ணாகவோ நிற்கிறார்கள். யாருடைய மௌனத்தை நிரப்புகிறோம், யாரைக் கேட்டு நிரப்புகிறோம் என்பதுதான் இந்தத் தொடர்களை எடைபோடச் சரியான கேள்வி.

தொப்பிக் கொக்கியைப் பற்றிய கேள்வி அதற்கு அடுத்த படியில்தான் வரும். பிளிமத் குடியேறிகள் என்றாலே கறுப்பு அங்கி, உயர்ந்த தொப்பி, அதில் பளபளக்கும் கொக்கி என்று ஒரு படம் மனத்தில் பதிந்திருக்கிறது. அது 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் உண்டாக்கியது. இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களில் சிவப்பும் ஊதாவும் பச்சையும் வருகின்றன. நல்ல கறுப்புச் சாயம் விலை கூடியது, அன்றாடம் உடுத்துவதற்கில்லை. முழு மரங்களை அடுக்கிக் கட்டிய குடில்களும் அப்படித்தான். அவ்வகை வீட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்கள் 1638இல் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடன், ஃபின்லாந்து மக்கள். ஆங்கிலேயர்கள் மரச்சட்டம் நிறுத்தி, பலகை அறைந்து, புல்கூரை வேய்ந்தார்கள். இன்றைய கலை இயக்குநர்கள் இவற்றையெல்லாம் பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுகிறார்கள். பிளிமத்தில் 1947 முதல் இயங்கிவரும் வாழும் அருங்காட்சியகம் அந்த வேலையை எளிதாக்கிவிட்டது. உடையும் கூரையும் சரியாக இருக்கும்போது கதையும் சரியாகத்தான் இருக்கும் என்று பார்வையாளர் நம்பிவிடுகிறார். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் அது.

2015 நவம்பர் மாதத்தில் மூன்று நாட்களுக்குள் இரண்டு படைப்புகள் அமெரிக்க வீடுகளுக்குள் வந்தன. நேஷனல் ஜியாகிரஃபிக் சேனல் 22, 23 தேதிகளில் ‘செயின்ட்ஸ் அண்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற இரண்டு இரவுத் தொடரை ஒளிபரப்பியது. 24ஆம் தேதி பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ், ரிக் பர்ன்ஸ் எடுத்த ‘தி பில்கிரிம்ஸ்’ படத்தைக் காட்டியது. இரண்டும் மேஃபிளவர் கப்பலில் பிளிமத்துக்கு வந்த 102 பேரின் கதை. இரண்டும் நன்றியறிதல் நாள் வரும் வாரத்துக்கென்றே தயாரானவை. நாட்காட்டிதான் இந்த வரலாற்றுக்குப் பெரிய புரவலர். நவம்பரில் கிடைக்கிற பார்வையாளர்கள் மார்ச்சில் கிடைக்க மாட்டார்கள்.

பர்ன்ஸ் ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டார். பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டாக நடித்த ரோஜர் ரீஸ் பேசுவதெல்லாம் பிராட்ஃபோர்டு எழுதியவை. ஒரு கிழவர் தான் எழுதியதை நினைத்துப் பார்க்கிறார்; சுற்றிலும் வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். அந்தப் படம் ஒளிபரப்பாவதற்கு நான்கு மாதம் முன்பு ரீஸ் இறந்துவிட்டார். நோயோடு நடித்த அந்த மெலிந்த முகம் எந்த ஒப்பனையாலும் வராத உண்மையைப் படத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் கட்டுப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. எழுதியவர்கள் மட்டுமே பேசலாம் என்றால் எழுதாதவர்கள் இன்னொரு முறை ஊமைகளாகிறார்கள்.

‘செயின்ட்ஸ் அண்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ அந்தப் பக்கத்தைத் திறக்க முயன்றது. படப்பிடிப்பு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. வின்சென்ட் கார்ட்டைசர் பிராட்ஃபோர்டு, ராவுல் ட்ருஹியோ மாசசோயிட், கலானி கெய்ப்போ ஸ்குவாண்டோ. மாசசோயிட்டும் அவருடைய ஆலோசகர்களும் தங்களுக்குள் பேசும் நீண்ட காட்சிகள் இதில் உண்டு. வந்திறங்கியவர்களைக் கொன்றுவிடலாமா, பகைவர்களான நாராகான்செட் மக்களுக்கு எதிராகக் கூட்டாளிகளாக வைத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் வாதிடுகிறார்கள். ‘அப்பாவிப் பூர்வகுடி’ என்ற பழைய பொம்மையை அது உடைத்தது. பாராட்ட வேண்டிய செயல்.

ஸ்குவாண்டோவை எடுத்துக்கொள்வோம். அவருடைய இயற்பெயர் டிஸ்குவாண்டம். பள்ளி நாடகங்களில் அவர் மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் நடக் கற்றுக்கொடுக்கும் நல்லவர், அவ்வளவுதான். உண்மையில் அவர் 1614இல் தாமஸ் ஹன்ட் என்ற கப்பல் தலைவனால் மற்றும் பலரோடு கடத்தப்பட்டு ஸ்பெயினின் மலாகா துறைமுகத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கிருந்து எப்படியோ லண்டன் சேர்ந்து, ஜான் ஸ்லேனி என்ற வணிகர் வீட்டில் இருந்து ஆங்கிலம் கற்று, நியூஃபவுண்ட்லாந்து வழியாக 1619இல் ஊர் திரும்பினார். ஊர் இல்லை. படுக்ஸெட் என்ற அவருடைய கிராமத்தைக் கொள்ளைநோய் துடைத்துவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு மேஃபிளவர் பயணிகள் இறங்கிக் குடியமர்ந்தது அந்தக் கிராமத்தின் விளைநிலத்தில்தான். அதற்குப் பிறகும் அவர் வெறும் வழிகாட்டியாக இருந்துவிடவில்லை. இரு தரப்புக்கும் நடுவில் நின்று தனக்கென ஒரு செல்வாக்கைக் கட்ட முயன்றார். அதைக் கண்டுபிடித்த மாசசோயிட் அவருடைய உயிரைக் கேட்டார். 1622இல் நோயால் இறந்தார். இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. இந்த ஒரு மனிதனுக்கு எட்டு மணி நேரத் தொடர் எடுக்கலாம். கெய்ப்போவின் நடிப்பில் அந்தச் சூழ்ச்சியும் அந்தத் துயரமும் ஓரளவு வந்திருக்கின்றன.

என்றாலும் மாஷ்பீ வாம்பனோவாக் இனத்தார் இத்தொடரை வெளிப்படையாகக் குறை கூறினார்கள். காரணங்களில் மொழியும் ஒன்று. திரையில் மாசசோயிட் பேசியது மேற்கு அபெனாக்கி. வடக்கே வாழ்ந்த வேறொரு மக்களின் மொழி அது. உறவு மொழி என்றாலும் அவருடையது இல்லை. நடிகர்களுக்கு அதைப் பயிற்றுவித்தவர் அந்த மொழியைத் தன் வாழ்நாள் பணியாகக் கொண்ட ஜெசி புருஷாக். அவருடைய உழைப்பில் குறையில்லை. வாம்பனோவாக் மொழி பேசுவோர் இல்லாமல் அழிந்துபோயிருந்தால் இந்த மாற்று ஏற்பாட்டை எளிதாக ஏற்கலாம். அந்த மொழியோ மீண்டும் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தது. ஜெசி லிட்டில் டோ பேர்டு என்ற மாஷ்பீ பெண்மணி 1993இல் அந்த முயற்சியைத் தொடங்கினார். எம்ஐடியில் மொழியியல் படித்தார். 1663இல் ஜான் எலியட் அச்சிட்ட பூர்வகுடி மொழி விவிலியத்தையும், வாம்பனோவாக் மக்களே எழுதிவைத்த நிலப் பத்திரங்களையும் உயில்களையும் மூலமாகக் கொண்டு இலக்கணத்தை மீட்டார். 2010இல் மெக்ஆர்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. சொந்த மொழிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிற மக்கள், தங்கள் மூதாதையரின் வாயில் அயல்மொழி ஒலிப்பதைக் கேட்கும்போது மனம் நோகாமல் எப்படி இருக்கும்?

இந்தத் தொடருக்கு ஆறு ஆண்டு முன்பு, 2009இல், பிபிஎஸ் ‘வி ஷால் ரிமெய்ன்’ என்ற வரிசையை வெளியிட்டது. அதன் முதல் பகுதியான ‘ஆஃப்டர் த மேஃபிளவர்’ படத்தை இயக்கியவர் கிறிஸ் அயர். ஷயான், அரபாஹோ மரபினர். அதில் பூர்வகுடிப் பாத்திரங்கள் நிப்மக் மொழி பேசின. அதுவும் அண்டை மொழிதான். வேறுபாடு கதையின் நீளத்தில் இருக்கிறது. அந்தப் படம் 1621 விருந்தோடு நிற்கவில்லை. மாசசோயிட்டின் மகன் மெட்டாகாம் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1676இல் கொல்லப்படும் வரைக்கும் போனது. தந்தை ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையின் விளைவை மகனின் தலையில் காட்டியது. விருந்தோடு திரை விழுந்தால் அது நட்பின் கதை. 55 ஆண்டு தள்ளி விழுந்தால் நிலம் பறிபோன கதை. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். நாடகாசிரியர் எங்கே முடிக்கிறார் என்பதே தீர்ப்பாகிவிடுகிறது.

மொழியைப் பொறுத்தவரை இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். அது சினிமா. டெரன்ஸ் மாலிக் 2005இல் எடுத்த ‘தி நியூ வேர்ல்ட்’ படத்துக்காக மொழியியலாளர் பிளேர் ரூட்ஸ் வர்ஜீனியாவின் அல்கோன்கின் மொழியை மீட்டுருவாக்கினார். ஆங்கிலக் குடியேறிகளான ஜான் ஸ்மித்தும் வில்லியம் ஸ்ட்ரேச்சியும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காதில் விழுந்தபடி எழுதிவைத்த சொற்பட்டியல்களும் உறவு மொழிகளும்தான் அவருக்கு இருந்த கையிருப்பு. தொலைக்காட்சியின் பணமும் கால அவகாசமும் இதற்கு இடம்தருவது அரிது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு மட்டும் இது சான்று.

வர்ஜீனியாவுக்கு வருவோம். ஜேம்ஸ்டவுன் குடியிருப்பு 1607இல் தொடங்கியது, பிளிமத்துக்கு 13 ஆண்டு முந்தியது. இதை வைத்து ஸ்கை ஒன் அலைவரிசை 2017 முதல் 2019 வரை மூன்று பருவங்கள், 24 பகுதிகள் கொண்ட ‘ஜேம்ஸ்டவுன்’ தொடரை வெளியிட்டது. எழுதியவர் பில் கலகர்; தயாரித்தது ‘டவுன்டன் ஆபி’ எடுத்த கார்னிவல் நிறுவனம். ஹங்கேரியில் கோட்டையும் தெருவும் கட்டினார்கள். சதுப்பும் கொசுவும் புழுங்கும் வெப்பமும்தான் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஆட்களைக் கொன்றவை. ஹங்கேரியின் பொன்வெயிலில் அந்தக் கொலைத்தன்மை காணாமல் போய்விட்டது.

கதை 1619இல் மூன்று பெண்கள் கரையிறங்குவதில் தொடங்குகிறது. ஆண்கள் மட்டுமே இருந்த இடத்துக்கு மனைவியராக வருகிறார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் வரலாறு சற்று வேறு. 1608லேயே ஆன் பரஸ் என்ற பணிப்பெண் வந்து, ஜான் லேடன் என்ற தச்சரை மணந்துகொண்டார். 1609இல் வந்த டெம்பரன்ஸ் ஃப்ளவர்டியூ 1609-10இன் பட்டினிக் குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்து, பின்னால் ஆளுநர் யார்ட்லியின் மனைவியானார். குடியிருப்பை நடத்திய வர்ஜீனியா நிறுவனம் மணப்பெண்களைக் கூட்டமாக அனுப்பியது பிறகுதான்: 1620இல் 90 பேர், 1621இல் 57 பேர். இரண்டாம் கூட்டத்தில் ஒருத்தியை மணக்க விரும்பியவர் நிறுவனத்துக்கு 150 பவுண்டு எடையுள்ள நல்ல புகையிலை கொடுக்க வேண்டும். அந்தப் பெண்களைப் பற்றி நிறுவனம் எழுதிவைத்த பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன: பெயர், வயது, தகப்பன் தொழில், தெரிந்த கைவேலை, நற்சான்று கொடுத்தவர். ஏன் கப்பலேறினாள் என்ற கேள்விக்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. கலகர் அந்தக் கட்டத்தை நிரப்பினார். ஒரு வரலாற்றுப் பெண்ணைத் தேர்ந்து அவள்மேல் பொய் சுமத்தாமல், அலிஸ், ஜாஸ்லின், வெரிட்டி என்று மூன்று கற்பனைப் பெண்களைப் படைத்து, ஆவணத்தில் தெரியும் அவல நிலைகளை அவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். இது நேர்மையான வழி.

1619 என்ற ஆண்டை அவர் தேர்ந்ததிலும் கூர்மை உண்டு. அந்த ஆண்டு ஜூலை 30இல் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் ஆங்கில அமெரிக்காவின் முதல் மக்கள் பிரதிநிதி அவை கூடியது. வெப்பம் தாங்காமல் சில நாட்களில் கலைந்தது. உறுப்பினர் ஒருவர் இறந்தே போனார். நான்கு வாரம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில், ‘ஒயிட் லயன்’ என்ற கப்பல் பாயின்ட் கம்ஃபர்ட்டில் வந்து நின்றது. லுவாண்டாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போய்க்கொண்டிருந்த போர்த்துகீசிய அடிமைக் கப்பலைக் கடலில் கொள்ளையடித்து, அதிலிருந்து பிடித்த இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உணவுப் பொருளுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. மக்களாட்சியின் முதல் கூட்டமும் அடிமை வாணிகத்தின் முதல் சரக்கும் ஒரே கோடையில், ஒரே ஆற்றில். எந்த நாடகாசிரியரும் இப்படி அமைக்கத் துணிய மாட்டார். அடுத்து வந்த ‘ட்ரெஷரர்’ என்ற கப்பலோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏஞ்செலா என்ற பெண், 1625 கணக்கெடுப்பில் கேப்டன் வில்லியம் பியர்ஸ் வீட்டில் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறார். அவரைப் பற்றி எஞ்சியது ஏறக்குறைய அவ்வளவுதான். தொடரில் மரியா என்ற அங்கோலாப் பெண் வருகிறார். அபியோலா ஒகுன்பியி நடித்த அந்தப் பாத்திரம் இரண்டாம் பருவத்தில்தான் நுழைகிறது. முதல் பருவத்தின் மையத்தில் அவர் இருந்திருக்க வேண்டும்.

ஜேம்ஸ்டவுனில் மண்ணும் சாட்சி சொல்கிறது. ஆறு அரித்துத் தின்றுவிட்டதாகப் பலரும் நம்பிய 1607 கோட்டையை 1994 முதல் வில்லியம் கெல்ஸோ தலைமையில் தோண்டி மீட்டார்கள். 1609-10 குளிர்காலத்தில் அங்கே ஏறத்தாழ 300 பேர் 60 பேராகச் சுருங்கினார்கள். பிணம் தின்றார்கள் என்று அப்போது அங்கே இருந்த ஜார்ஜ் பெர்சி எழுதியிருந்தார். அது மிகைப்படுத்திய கதை என்று நெடுங்காலம் ஒதுக்கியவர்கள் உண்டு. 2012இல் ஒரு குப்பைக் குழியிலிருந்து 14 வயதுப் பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. ஸ்மித்சோனியன் ஆய்வாளர் டக்ளஸ் ஓவ்ஸ்லி அதில் கத்தியாலும் கோடரியாலும் ஏற்பட்ட வெட்டுகளைக் காட்டினார். ஆய்வாளர்கள் அவளுக்கு ஜேன் என்று பெயரிட்டார்கள். உண்மைப் பெயர் போய்விட்டது. அவளை வைத்துத் திகில் காட்சி எடுப்பது மிக எளிது. அவள் ஏன் அங்கே வந்தாள், யார் வீட்டுப் பணிப்பெண், பசித்த கடைசி வாரங்களில் யார் அவளோடு இருந்தார்கள் என்று கேட்பதுதான் நாடகத்தின் கடமை.

சேலத்தின் கதை வேறு வகை. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றி மௌனம் இல்லை; விசாரணைக் குறிப்புகள், வாக்குமூலங்கள், மனுக்கள் என்று ஏடுகள் குவிந்து கிடக்கின்றன. 150க்கும் மேற்பட்டவர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல்லடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். சிறையில் இன்னும் சிலர் இறந்தார்கள்.

பிபிஎஸ் 1985இல் ‘அமெரிக்கன் பிளேஹவுஸ்’ வரிசையில் ‘த்ரீ சவரின்ஸ் ஃபார் சேரா’ என்ற மூன்று பகுதி நாடகத்தை வெளியிட்டது. விக்டர் பிசானோ எழுதியது, வனெஸா ரெட்கிரேவ் நடித்தது. மூன்று சகோதரிகளின் கதை. மூத்தவர் ரெபெக்கா நர்ஸ், 71 வயது, காது மந்தம், ஊரே மதித்த பாட்டி. நடுவர்கள் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். குற்றம் சாட்டிய சிறுமிகள் கூச்சலிட்டார்கள். நீதிபதி நடுவர்களைத் திரும்பவும் யோசிக்கச் சொன்னார். அவர்கள் ரெபெக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அவருடைய காதில் அது விழவில்லை. பதில் சொல்லாமல் நின்றார். அந்த மௌனத்தைக் குற்றமாக எடுத்துக்கொண்டு தீர்ப்பை மாற்றினார்கள். ஜூலை 19இல் தூக்கு. தங்கை மேரி ஈஸ்டி சிறையிலிருந்து நீதிபதிகளுக்கு மனு எழுதினார். தன் உயிர் போய்விட்டது என்று தெரியும், அதைக் கேட்கவில்லை, இனியாவது குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தாமல் பாருங்கள் என்பது அதன் சாரம். செப்டம்பர் 22இல் அவரும் போனார். மூன்றாமவர் சேரா க்ளாய்ஸ் பிழைத்தார். அவர் கண்வழியாகத்தான் நாடகம் நகர்கிறது. நீதிமன்றக் காட்சிகளின் வசனம் பெரும்பாலும் பழைய பதிவுகளிலிருந்தே எடுக்கப்பட்டது. படப்பிடிப்புக்காக ரெபெக்கா நர்ஸின் பண்ணை வளாகத்தில் ஒரு பழைய பிரார்த்தனை மண்டபத்தின் நகலைக் கட்டினார்கள். அது இன்றும் டான்வர்ஸில் நிற்கிறது. பார்வையாளர்கள் உள்ளே போய் உட்காரலாம். தொலைக்காட்சி நாடகம் ஓர் ஊருக்குக் கொடுத்த நல்ல கொடை.

2014இல் டபிள்யூஜிஎன் அமெரிக்கா வெளியிட்ட ‘சேலம்’ தொடர் நேர் எதிர்த் திசையில் போனது. அதில் சூனியக்காரிகள் உண்மை. அவர்களே வேட்டையைத் தூண்டி நடத்துகிறார்கள். தலைவி மேரி சிப்லி. வரலாற்று மேரி சிப்லி, நோயுற்ற சிறுமிகளுக்கு யார் கேடு செய்தது என்று கண்டறிய ஒரு நாட்டு வைத்தியம் சொல்லி, அதற்காகத் தேவாலயத்தில் கண்டிக்கப்பட்ட அயல்வீட்டுப் பெண். ஒளிப்பதிவும் நடிப்பும் தேர்ச்சியானவை. கற்பனை என்று அறிந்தேதான் மக்கள் பார்க்கிறார்கள் என்ற சமாதானமும் உண்டு. அது போதாது. இந்த வழக்குகளின் உண்மை ஒன்றே ஒன்று: அங்கே சூனியம் இல்லை. அதை மாற்றிவிட்டால் குற்றம் சாட்டியவர்கள் பாதி நியாயம் பெற்றுவிடுகிறார்கள். எலிசபெத் ஜான்சன் என்ற இளம்பெண்ணின்மேல் இருந்த தண்டனைத் தீர்ப்பு மாசசூசெட்ஸ் சட்டத்தால் நீக்கப்பட்டது 2022இல். அதற்குப் பாடுபட்டவர்கள் வடக்கு ஆண்டோவரின் எட்டாம் வகுப்பு மாணவர்களும் ஆசிரியையும். கெட்ட பெயரைத் துடைக்க 329 ஆண்டு பிடித்தவர்கள்மேல் அதைத் திரும்பப் பூசுவது அநீதி.

அதே வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்ட டிடுபாவின் நிலையும் இதுதான். பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீட்டு அடிமை அவர். ஏடுகள் அவரைச் செவ்விந்தியப் பெண் என்றே குறிக்கின்றன. பின்வந்த கவிஞர்களும் நாடகாசிரியர்களும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆப்பிரிக்கப் பெண்ணாக்கினார்கள். மந்திரமும் சடங்கும் அவர் கையில் கொடுத்தார்கள். ஆர்தர் மில்லர் 1953இல் எழுதிய ‘தி க்ரூசிபிள்’ நாடகத்திலும் அப்படித்தான். மில்லர் குற்றம் சாட்டிய 11 வயது அபிகெய்லை 17 ஆக்கினார், தூக்கிலிடப்பட்ட 60ஐ ஒட்டிய ஜான் ப்ராக்டரை முப்பதுகளுக்கு இறக்கினார், இல்லாத காதல் உறவை அவர்களிடையே வைத்தார். பாத்திரங்களை மாற்றியதை நாடகத்தின் முகப்பிலேயே ஒப்புக்கொள்ளவும் செய்தார். மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிச வேட்டை விசாரணைகளைச் சுட்ட அவருக்கு அது தேவைப்பட்டது. 1967இல் ஜார்ஜ் சி. ஸ்காட் நடிப்பில் அது தொலைக்காட்சிக்கும் வந்தது. நாடகத்தின் ஆற்றல் மறுக்க முடியாதது; ஆனால் அந்தக் கற்பனைக் காதல்தான் இன்று பலருக்குச் சேலத்தின் காரணமாகத் தெரிகிறது.

இந்த வரலாற்றுக்கும் சென்னைக்கும் ஒரு மெய்யான தொடர்பு உண்டு. சேலம் வழக்குகளுக்கு ஆதரவாக எழுதிய பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேதர், கனெக்டிகட்டில் ஒரு கல்லூரிக்குப் பணம் வேண்டி 1718இல் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அவர் பாஸ்டனில் பிறந்து, 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பெரும்பொருள் சேர்த்த எலிஹு யேல். அவர் அனுப்பிய சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. பிளிமத்தையும் ஜேம்ஸ்டவுனையும் தனித்தீவுகளாகக் காட்டுகிற தொடர்கள், அந்தக் கடற்கரைகளை லுவாண்டாவோடும் மலாகாவோடும் சோழமண்டலத்தோடும் கட்டியிருந்த வணிகக் கயிற்றைக் காட்டுவதே இல்லை.

நடிகர்களே இல்லாமலும் ஒரு முறை முயன்றார்கள். 2004இல் பிபிஎஸ் காட்டிய ‘கலோனியல் ஹவுஸ்’ நிகழ்ச்சிக்காக இக்காலத்து மனிதர்களை மெய்ன் மாநிலக் கடற்கரையில் 1628ஆம் ஆண்டு வாழ்க்கை வாழவைத்தார்கள். ஓய்வுநாள் பிரார்த்தனையைக் கட்டாயமாக்கியதும் சிலர் மறுத்தார்கள். வாம்பனோவாக் மக்கள் விருந்தினராக வந்தபோது சூழல் கனத்துப்போனது. விளையாட்டாகக்கூட இந்தக் குடியேற்றத்தைத் திரும்ப நடத்திப் பார்ப்பது தங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். எழுதிய வசனம் எதுவும் அந்த நிமிடத்துக்கு ஈடாகாது.

இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கும் கதை ஒன்று. ஹாஸனமெசிட் என்ற ஊரின் நிப்மக் இளைஞர் வவாவுஸ் 1659இல் கேம்பிரிட்ஜில் சாமுவேல் கிரீனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். ஆங்கிலேயர்கள் அவரை ஜேம்ஸ் பிரிண்டர் என்றார்கள். எலியட்டின் விவிலியத்துக்கு எழுத்துக் கோத்தவர்களில் அவரும் ஒருவர். 1675இல் மெட்டாகாமின் போர் வெடித்ததும், செய்யாத குற்றத்துக்கு அவரைப் பிடித்தார்கள். பாஸ்டனில் வெறிகொண்ட கூட்டம் அவரைக் கொல்லப் பார்த்தது. தப்பிய சில மாதங்களில் அவர் நிப்மக் முகாமில் இருந்தார். 1676 பிப்ரவரியில் லங்காஸ்டரில் சிறைபிடிக்கப்பட்ட மேரி ரோலண்ட்சன் என்ற பாதிரியார் மனைவியை 20 பவுண்டு மீட்புப்பணத்துக்கு விடுவிக்கப் பேச்சு நடந்தபோது, பூர்வகுடித் தரப்பின் கடிதங்களை எழுதியவர் இவர். மன்னிப்பு அறிவிப்புக்குப் பின் அதே அச்சகத்துக்குத் திரும்பினார். ரோலண்ட்சன் தன் சிறைவாசத்தைப் புத்தகமாக்கினார். 1682இல் அது கேம்பிரிட்ஜில் கிரீனின் அச்சகத்திலிருந்து வந்தது. எழுத்துக் கோத்தவர்களில் ஜேம்ஸ் பிரிண்டர் இருந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். தன் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று பழிக்கும் பக்கங்களை எழுத்து எழுத்தாகக் கோத்த கைகள் அவை.

லிசா புரூக்ஸ் என்ற அபெனாக்கி வரலாற்றாசிரியர் 2018இல் வெளியிட்ட நூலில் இவருடைய வாழ்க்கையையும், அதே போரில் படை நடத்திய வீட்டமூ என்ற பெண் தலைவியின் வாழ்க்கையையும் ஆவணம் ஆவணமாகத் தொடர்ந்து சென்றிருக்கிறார். அவருக்குப் பான்கிராஃப்ட் பரிசு கிடைத்தது. நிலப் பத்திரங்கள், கடிதங்கள், போர்க்காலத் தடங்கள், ஊர்களின் வரைபடங்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டன. வாம்பனோவாக் மொழி பேசவும் கற்பிக்கவும் ஆட்கள் மாஷ்பீயில் இருக்கிறார்கள். கதை எழுதும் அறையில் அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே நாற்காலி போட்டு, நவம்பர் தேதியைப் பார்க்காமல் பணம் ஒதுக்கும் ஒரு தயாரிப்பு நிறுவனம்தான் இனி வர வேண்டும்.